கல்வராயன் மலைக்கு ஒரு பயணச்சீட்டு

ஓர் ஊரைக் காணச் செல்வோர் இருவகையினர். சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ சென்று, பார்க்கத்தக்கவை என்று பிறர் குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டும் இறங்கி, நிழற்படம் எடுத்துக்கொண்டு அன்றே திரும்புவோர் ஒருவகையினர். அவ்வூர் மக்கள் எந்த வண்டியில் ஏறுகின்றார்களோ அதிலேயே ஏறி, அவர்கள் காத்திருக்கும் மரநிழலிலேயே தாமும் காத்திருந்து ஊரை அறிபவர் மற்றொரு வகையினர். முதல்வகையினர் இடங்களைக் கண்டு திரும்புகின்றனர். இரண்டாம் வகையினருக்கோ அந்த இடங்களில் வாழும் மக்களையும் காணும் பேறு கிட்டுகிறது. கல்வராயன் மலைக்குச் செல்ல விரும்பும் வாசகர்களை இந்த இரண்டாம் வகையில் சேருமாறு அழைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிராம் வண்டி கற்பித்த பாடம்

பொது வண்டியில் ஊர் பார்ப்பது நம்மவர்க்குப் புதிய பழக்கமன்று. எண்பது வயதைக் கடந்த சென்னைவாசிகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். டிராம் வண்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அவர்கள் முகத்தில் இளமை திரும்பும். 1895-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் சென்னையில் டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் அதுதான். தொடக்கத்தில் மின்சாரம் தரைக்கடியிலிருந்து வந்தது. மழைக்காலத்தில் அந்த ஏற்பாடு தொல்லை தரவே, பின்னர் தலைக்குமேல் கம்பி கட்டி ஓட்டினார்கள். 1921-ஆம் ஆண்டளவில் 24 கிலோமீட்டர் நீளத் தண்டவாளத்தில் 97 வண்டிகள் ஓடின. பாரிமுனை, மவுண்ட் ரோடு, மயிலாப்பூர், புரசைவாக்கம் என நகரின் முக்கியப் பகுதிகளை அவை இணைத்தன.

வெளியூரிலிருந்து வந்தவனுக்கு டிராமைப் போல உற்ற துணை வேறில்லை. தண்டவாளம் தெருவிலேயே பதிந்திருப்பதால், வண்டி எந்த வழியே செல்லும் என்பது கண்ணுக்கே தெரியும். வழி மாற்றி ஏமாற்றுவார்களோ என்ற அச்சம் இல்லை. கட்டணம் பேரம் பேச வேண்டியதில்லை. வேகம் குறைவு, ஆதலால் கடைப் பலகைகளைப் படிக்கலாம், கோபுரத்தைப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் “இது எந்த இடம்?” என்று கேட்கலாம். சில காசுகள் கொடுத்த மாத்திரத்தில், நேற்று வந்தவனும் அந்நகரத்து மக்களில் ஒருவனாக அமர்ந்து செல்ல முடிந்தது.

1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாளோடு சென்னை டிராம் நின்றுபோயிற்று. அதை நடத்திய நிறுவனம் நட்டத்தில் மூழ்கியதே காரணம். அதே ஆண்டு சூலை மாதத்தில் கல்கத்தாவில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. டிராமின் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா, அதாவது அக்காலத்துக் காலணா, உயர்த்தினார்கள். அந்தக் காலணாவுக்காக நகரமே கொதித்தெழுந்தது, உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. காலணா உயர்வு பெருந்தொகை அன்று. ஆனால் அந்த வண்டியைவிட்டால் வேறு வண்டி இல்லாதவருக்கு அது நாள்தோறும் விழும் அடி. ஏழைத் தொழிலாளியும் சிற்றூழியனும் டிராமைத் தங்கள் உரிமையாகக் கருதினார்கள் என்பதை அந்தப் போராட்டம் உலகுக்குக் காட்டியது.

கான்பூரில் 1933-லும், தில்லியில் 1963-லும், பம்பாயில் 1964-லும் டிராம் நின்றது. 1873-இல் குதிரை இழுத்த வண்டியாகத் தொடங்கி 1902-இல் மின்சாரத்துக்கு மாறிய கல்கத்தா டிராம் மட்டும் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. அங்கும், மைதானத்தை ஒட்டிய ஒரு சிறு பகுதியைத் தவிர மற்றவற்றை நிறுத்திவிடப்போவதாக மேற்கு வங்க அரசு 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது.

இவ்வரலாற்றில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. பொது வண்டி ஒரே நாளில் சாவதில்லை. வேறு வசதி உடையவர்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொள்ள, வருமானம் குறைகிறது. வருமானம் குறைய, நடைகள் குறைகின்றன. நடைகள் குறைய, மீந்திருப்பவர்களும் வேறு வழி தேடுகின்றனர். முடிவில் வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் தெருவோரத்தில் நிற்கின்றனர். நகரத்தில் டிராம் போனால் பேருந்து உண்டு. பேருந்து போனால் ஆட்டோ உண்டு. மலையில் பேருந்து போனால் என்ன உண்டு? இந்தக் கேள்வியோடு கள்ளக்குறிச்சிக்கு வாருங்கள்.

கள்ளக்குறிச்சியில்

கள்ளக்குறிச்சியில் டிராம் ஓடியதில்லை. ரயிலில் வருவோரும் விருத்தாசலம்–சேலம் பாதையிலுள்ள சின்னசேலத்தில் இறங்கிப் பேருந்தில்தான் வருவது வழக்கம். சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையின்மேல் அமைந்த ஊர் ஆதலால், சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருவோர்க்குத் தொல்லையில்லை. இங்குள்ள மக்களுக்கு எல்லாத் திசைக்கும் வழி பேருந்துதான். 1975-ஆம் ஆண்டு விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1997-இல் பெயர் மாறி, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் பிரிவாக அது விளங்குகிறது. இப்பகுதியின் பெரும்பாலான சிற்றூர்கள் உலகத்தோடு தொடர்பு கொண்டிருப்பது அதன் வண்டிகளால்தான்.

இவ்வட்டாரத்து மக்கள் வாழ்க்கையில் பேருந்துக்கு உள்ள இடத்தை அறிய, மாவட்டத் தலைநகரம் மாறிய கதையை நினைத்துப் பார்த்தால் போதும். கள்ளக்குறிச்சி முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ஆட்சித்தலைவரிடம் ஒரு மனு கொடுக்க வேண்டுமானால் கடலூருக்குச் செல்ல வேண்டும். மலையுச்சியில் வாழும் ஒருவர் கடற்கரை வரை இறங்கி வரவேண்டிய நிலை! 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமான பிறகு பயணம் ஓரளவு சுருங்கியது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கள்ளக்குறிச்சியே மாவட்டத் தலைநகரமாயிற்று. மலைக்கென்று கல்வராயன்மலை வட்டமும் அமைந்து, வெள்ளிமலை அதன் தலைமையிடமானது. ஏழைக்கு அரசு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கிலோமீட்டரால் அளப்பதைவிட, எத்தனை பேருந்து மாறவேண்டும், இரவுக்குள் வீடு திரும்ப முடியுமா என்பதால் அளப்பதே பொருந்தும்.

ஊரிலே ஓரிரு மணி நேரம் இருக்க நேர்ந்தால், மரச்சிற்பக் கூடம் ஒன்றைக் கண்டு செல்லுங்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. உளியின் ஓசைக்கு நடுவே மரத்துண்டு ஒன்று தெய்வ உருவமாகவும் பூங்கொடியாகவும் மாறுவதைக் காண்பது கண்ணுக்கு விருந்து. வாசற்கதவுக்குரிய வேலைப்பாடு முதல் வழிபாட்டு உருவங்கள் வரை இங்கே செதுக்கப்படுகின்றன. பிறகு பேருந்து நிலையத்துக்கு வாருங்கள்.

மலையேறும் வண்டி

பேருந்து நிலையத்தில் “வெள்ளிமலை” என்ற பலகையுடைய வண்டியைத் தேடிக்கொள்ள வேண்டும். மலைக்கு இரண்டு வழிகள் முக்கியமானவை. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுவது ஒன்று; சங்கராபுரம் பக்கமிருந்து சேராப்பட்டுக்கு ஏறுவது மற்றொன்று. முதல் முறை செல்வோர்க்கு முன்னதே ஏற்றது. ஒரு வழியில் ஏறி மறு வழியில் இறங்குவதும் இயலும். ஆனால் வண்டி நேரங்களை நன்கு விசாரித்துக்கொண்ட பிறகே அதற்குத் துணிய வேண்டும்.

வண்டி புறப்பட்டதும் கரும்பும் நெல்லும் விளையும் சமவெளி இருபுறமும் விரிகிறது. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்றுண்டு. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டிகளும் டிராக்டர்களும் சாலையை அடைத்துக்கொண்டு செல்ல, பேருந்து ஓட்டுநர் பொறுமையின் உருவமாகப் பின்தொடர்வார். சற்று அப்பால் கோமுகி அணை. 1960-களின் நடுவில் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையின் முழு நீர்மட்டம் 46 அடி. கல்படை, பொட்டியம் முதலிய மலையோடைகளின் நீர் இங்கே தேங்குகிறது. பேருந்து எந்த மலையை நோக்கி ஏறுகிறதோ, அந்த மலையிலிருந்துதான் கோமுகி இறங்கி வருகிறாள். கள்ளக்குறிச்சியை நனைத்துவிட்டு மணிமுத்தா நதியோடு கலந்து, பின் வெள்ளாற்றில் சேர்கிறாள். கீழே விளையும் ஒவ்வொரு நெல்மணியிலும் மேலே வாழ்வோரின் காட்டுக்குப் பங்குண்டு என்பதை இவ்விடத்தில் நினைவுகொள்வது தகும்.

அணையைத் தாண்டியதும் மலைச்சாலை தொடங்குகிறது. பொறியின் ஓசை மாறுகிறது. ஓட்டுநர் முதல் கியருக்கு வருகிறார். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போது, சற்றுமுன் நமக்கு நேராக இருந்த அணைநீர் இப்போது காலடியில் ஒரு வெள்ளித் தட்டாகத் தெரிகிறது. மூங்கிலும் பலவகைக் காட்டு மரங்களும் சாலைமேல் கவிந்து நிற்கின்றன. வெயில் குறைந்து காற்று குளிர்கிறது. சாலையோரத்திலேயே பெரியார் நீர்வீழ்ச்சி இருக்கிறது. மழை பெய்த நாட்களில் வண்டியில் அமர்ந்தபடியே அதன் இரைச்சலைக் கேட்கலாம்.

கல்வராயன் மலையைக் கல்ராயன் மலை என்றும் சொல்வர். இது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சவ்வாது, சேர்வராயன், சித்தேரி, பச்சைமலை ஆகியவற்றின் உடன்பிறப்பு. கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி மாவட்டங்களில் இது பரவிக் கிடக்கிறது. வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும், அதைவிட உயர்ந்த தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். ஊட்டியும் கொடைக்கானலும் போன்ற கடுங்குளிரும் மாளிகைகளும் இங்கே இல்லை. உழவும் காடும் கலந்த எளிய மலை இது. அதுவே இதன் அழகு.

வண்டிக்குள் ஒரு மலைநாடு

வெளியே பார்த்தது போதும். இனிச் சற்று உள்ளே பாருங்கள்.

முன்பக்கத்தில் மாதர் அமர்ந்திருக்கின்றனர். ஒருத்தியின் மடியில் மருத்துவமனைச் சீட்டோடு ஒரு கைக்குழந்தை. இன்னொருத்தியின் காலடியில் மளிகைப் பை. கடைசி இருக்கைக்கருகில் ஒரு கலப்பைக் கொழு, புதிதாக அடித்து வாங்கியது. விடுதியிலிருந்து வீடு திரும்பும் பள்ளிப் பிள்ளைகள் தகரப் பெட்டிகளின்மேல் அமர்ந்து வருகிறார்கள். மலையிலிருந்து இறங்கும் வண்டியிலோ வேறுவகைச் சரக்கு: கடுக்காய் மூட்டை, புளி, தேன், பலாப்பழம், சாமை, தினை. மரவள்ளிக்கிழங்கு மட்டும் பேருந்துக்கு அடங்காது; அது லாரிகளில் ஆலைகளுக்குப் போகிறது.

நடத்துநர் இவ்வண்டியில் வெறும் சீட்டுக் கிழிப்பவர் அல்லர். யார் எந்த ஊர், யார் வீட்டில் யாருக்கு உடல்நலமில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். “பெரியம்மா, மூட்டையை உள்ளே தள்ளி வையுங்க, புள்ளைங்க ஏறணும்” என்பார். “தம்பி, நம்ம பாட்டி வந்துட்டு இருக்காங்க, ஒரு நிமிசம் நில்லுப்பா” என்று ஒரு குரல் எழும், வண்டி நிற்கும். மருந்துப் பொட்டலம், பத்திரிகை, திருமண அழைப்பிதழ் ஆகியவையும் அவர் கைவழியே ஊர் சேர்வதுண்டு. புதியவர் ஒருவர் ஏறினால் பக்கத்திலிருப்பவர் முதலில் கேட்பது, “எந்த ஊருங்க?” என்பதே. அடுத்தது, “யார் வீட்டுக்குங்க?” என்பது. யார் வீட்டுக்கும் அன்று, சும்மா பார்க்க வந்தேன் என்றால், முகத்தில் ஒரு வியப்பு தோன்றும். பிறகு எங்கே இறங்க வேண்டும், எந்த வழியில் நடக்க வேண்டும், திரும்பும் வண்டி எப்போது என்பதையெல்லாம் இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் சொல்லத் தொடங்குவார்கள்.

சில சிற்றூர்களில் இரவு தங்கும் வண்டிகள் உண்டு. கடைசி நடையாக மேலே சென்ற வண்டி ஊரிலேயே நிற்க, ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே உறங்கி, விடியுமுன் முதல் நடையாக இறங்குவர். அந்த வண்டி ஊர் நடுவில் நிற்கும் இரவுகளில், திடீரென்று யாருக்கேனும் பிரசவ வலி கண்டாலும், விடிந்தால் ஒரு வண்டி உண்டு என்ற ஆறுதல் ஊருக்கு இருக்கும். சாலையே எட்டாத குக்கிராமங்களின் நிலையோ வேறு. நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்து சாலைவரை கொண்டுவந்த செய்திகள் அண்மை ஆண்டுகளிலும் வந்திருக்கின்றன. பேருந்து நின்று திரும்பும் இடம் வரைதான் நம் பயணம். அதற்கப்பால் நடையாகவே தொடரும் பயணங்கள் எத்தனை என்பதை அந்தக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி நின்றால் உணரலாம்.

பாதை வந்த வரலாறு

இம்மலையில் வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். பேசுவது தமிழே. முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் செவிவழிக் கதை.

இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்பன அந்த ஜாகீர்களின் பெயர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில் இவ்வுரிமை வழங்கப்பட்டது என்று சொல்வர். நாடு 1947-இல் விடுதலை பெற்றது; ஆயினும் ஜாகீர் ஆளுகை இம்மலையைவிட்டு முற்றிலும் நீங்கியது 1976-ஆம் ஆண்டிலேதான். சமவெளி விடுதலையின் வெள்ளிவிழாவைக் கொண்டாடி முடித்த பிறகே மலைக்கு விடுதலை வந்தது என்றால் அது மிகையன்று. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் பேருந்தும் இங்கே பிந்தி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிந்தி வந்தவை முழுமையாக வந்தனவா? 2024-ஆம் ஆண்டு சூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த கொடுமையை நாடே அறியும். அதன்பின் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, போக்குவரத்து, மருத்துவம், பள்ளி ஆகிய அடிப்படை வசதிகள் எந்த அளவில் உள்ளன என்று அரசிடம் வினவியது. தொழிலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் செல்ல நல்ல வழியில்லாத இடத்தில் கெட்ட வழிகள் எளிதில் திறந்துவிடுகின்றன. மலைச்சாலையில் காலையும் மாலையும் தவறாமல் வந்துபோகும் ஒரு பேருந்து, பல அறவுரைகள் செய்ய இயலாத நன்மையைச் செய்யக்கூடும்.

இத்துறையில் நல்ல முயற்சிகளும் நடந்துள்ளன. பேருந்து செல்லாத ஊர்களுக்குச் சிற்றுந்து விடும் திட்டம் தமிழகத்தில் 1997-இல் தொடங்கியது. 2025-இல் புதிய வடிவில் மீண்டும் தொடங்கப்பட்டது. சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் 2021 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. கூலி வேலைக்குச் செல்லும் ஒரு தாயின் கையில் மாத முடிவில் அதனால் மிஞ்சுவது சிறு தொகையாகத் தோன்றலாம். கல்கத்தாவில் காலணாவுக்காக எழுந்த மக்களை நினைத்துக்கொண்டால் அதன் மதிப்பு விளங்கும்.

செல்வோர் கவனத்திற்கு

இனி, குடும்பத்தோடு செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்.

விடியற்காலை வண்டியைப் பிடியுங்கள். மேலே சென்று இறங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது. மலையில் அட்டவணையைவிட அவர் வாய்ச்சொல்லே நம்பத்தக்கது. அதை நம்பிக் கடைசி வண்டிக்கு முந்திய வண்டியில் இறங்குவது அறிவுடைமை.

சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி நெரிசலில் நடத்துநரைத் திணற வைக்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு வளைவுகளில் தலைசுற்றல் வரக்கூடும். எலுமிச்சம்பழமும் ஒரு பையும் கையில் இருக்கட்டும். வயிறு நிறையத் தின்று ஏற வேண்டாம்.

நமக்கு அது உல்லாசப் பயணம். பக்கத்திலிருப்பவருக்கோ அன்றாடப் பயணம். இதை ஒருபோதும் மறக்கலாகாது. மூட்டையோடு வரும் மூதாட்டிக்கும், குழந்தையோடு வரும் தாய்க்கும் இடம் கொடுத்து எழுந்து நில்லுங்கள். வேடிக்கை பார்க்க நின்றபடியே போகலாம். மருத்துவமனைக்குச் செல்பவர் நின்றபடி போகலாகாது. கேளாமல் எவரையும் படம் எடுக்க வேண்டாம். பழங்குடி மக்களும் நம்மைப்போல் மானமுள்ள மனிதர்களே. காட்சிப் பொருள்கள் அல்லர்.

வெள்ளிமலையில் இறங்கினால் தேநீர்க் கடைகள் உண்டு. அங்குள்ள பலகையில் அமர்ந்து ஒரு தேநீர் அருந்துவதற்குள் அரை மலையின் செய்திகள் காதில் விழும். அருகிலுள்ள கரியாலூரில் படகுத்துறையும் சிறுவர் பூங்காவும் இருக்கின்றன. கோடை விழாக்கள் இங்கே நடந்ததுண்டு. மேகம் நீர்வீழ்ச்சியைக் காண்பதற்குக் காட்டு வழியே நெடுந்தொலைவு நடக்க வேண்டும். வனத்துறையின் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இன்றிச் செல்லுதல் கூடாது. மழைக்காலத்தில் ஓடைகளில் நீர் திடீரென்று பெருகும், பிள்ளைகளைக் கண்காணித்துக்கொள்ளுங்கள்.

நீர்வீழ்ச்சிகளின் அருகில் உடைந்த புட்டிகளையும் நெகிழிப் பைகளையும் காணும்போது நெஞ்சம் வருந்தும். அவற்றை எறிந்தவர் மலைவாழ் மக்கள் அல்லர். நம்மைப்போல் ஒருநாள் விருந்தாளிகளே. கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவருவது, விருந்துண்ட வீட்டில் இலையை எடுப்பது போன்ற நாகரிகம். அந்த நீர்தான் கோமுகியாக இறங்கிவந்து நம் வயலிலும் பாய்கிறது.

வாங்குவதையும் மலையிலேயே வாங்குங்கள். தேன், சாமை, தினை, கடுக்காய் ஆகியவற்றைக் கீழே கடைகளில் வாங்குவதைக் காட்டிலும், விளைவித்தவரிடமே நேரில் வாங்கினால் முழு விலையும் அவர் கைக்குச் சேரும். வீட்டுத் திண்ணையில் வாங்கும் ஒரு படி தினைக்கு அவர் சொல்லும் விலையைக் குறைத்துப் பேசாதீர்கள்.

ஒரு சீட்டின் மதிப்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் இம்மலைச் சாலையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசையாக ஏறுவதைக் காணலாம். அவற்றில் வருவோரைக் குறை கூறுவது நம் எண்ணமன்று. நோயாளிகளையும் முதியவர்களையும் அழைத்துச் செல்வோர்க்குச் சொந்த வண்டி தேவைதான். ஆனால் உடல்வலிமையுள்ள நாம், ஒரு முறையேனும் பொது வண்டியில் சென்றால் என்ன? கார் மலையேறினால் ஒரு குடும்பத்துக்குப் பொழுதுபோக்கு. அதே குடும்பம் பேருந்தில் ஏறினால் நான்கு சீட்டுகள் கூடுதலாக விற்கும். நடத்துநரின் கணக்கேட்டில் அது ஒரு சிறு வரி. அத்தகைய சிறு வரிகளைக் கூட்டித்தான் எந்த நடையைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று கழகத்தார் முடிவு செய்கின்றனர்.

சென்னை டிராமின் கடைசி நாட்களில் அதில் ஏறாமல் போனவர்களில் எவரும் அதைக் கொல்ல நினைத்தவர் அல்லர். தத்தம் வசதியைத் தேடிக்கொண்டார்கள், அவ்வளவே. டிராம் நின்றது. நகரம் பெரிதாகையால் அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டது. கல்வராயன் மலையின் ஒரு சிற்றூருக்கு நாளைக்கு இரண்டு நடை வரும் பேருந்து ஒரு நடையாகக் குறைந்தால், ஒரு மாணவி மேல்நிலைப் பள்ளியைக் கைவிட நேரலாம். ஒரு முதியவர் அடுத்த மாதத்து மருந்தை வாங்காமலே இருந்துவிடலாம். இத்தகைய இழப்புகள் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

ஆகவே அடுத்த விடுமுறையில் கல்வராயன் மலைக்குச் செல்ல எண்ணும் குடும்பங்கள் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு வாருங்கள். வெள்ளிமலைப் பலகையைத் தேடிப் பிடியுங்கள். பிள்ளைகளைச் சன்னலோரம் உட்கார வையுங்கள். மூட்டையோடு பாட்டி ஒருவர் ஏறினால் எழுந்து இடம் கொடுக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அருவியைக் கண்டதை அவர்கள் மறந்தாலும், இடம் கொடுத்து எழுந்ததை மறக்கமாட்டார்கள்.